இரண்டு அளவு பெரிது

பதினெட்டு வருஷம் ஜெபகுமாரியின் உள்ளுடை அருமனை ஊரின் வெயிலைக் கண்டதே இல்லை.

துவைத்துப் பிழிந்ததும் அதை மொட்டைமாடிக்குக் கொண்டுபோக மாட்டாள். பின்னறைக் கொடியில் காயப்போட்டு, மேலே ஒரு சேலையை விரித்து மறைத்துவிடுவாள். ஆலயத்தில் வாக்குக் கொடுத்து உடுத்தத் தொடங்கிய உடை, அடுத்தவர் கண்ணில் படக் கூடாது என்பாள். பெங்களூரில் நர்சாக இருந்தபோது அவள் சேர்ந்த சபையை ஊரில் மோர்மன் சபை என்பார்கள். அந்தச் சபையாரோடு ஹாங்காங் வரை போய் ஆலயச் சடங்கு முடித்துவந்த நாளிலிருந்து இரவும் பகலும் அதுதான். தோளை மூடிய சின்னக் கை, முழங்கால் வரை நீளம். அது வெளியே தெரியாமலிருக்க, முழங்கை வரை கை வைத்த பிளவுஸ்.

கணவர் ஜான்ரோஸ் தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்த சி.எஸ்.ஐ. சபையை விட்டு அவர் அசையவில்லை. ஆனால் சித்திரை மாதத்தில், ரப்பர் மரங்களில் ஓர் இலைகூட ஆடாத மத்தியானங்களில், அவள் கழுத்தில் வேர்க்குரு சிவந்திருப்பதைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது.

"அந்த உடுப்புக்க கைய மட்டும் வெட்டி எறிஞ்சா கர்த்தர் கோவிச்சுக்கிடுவாரோ?"

"அவரு கோவிக்க மாட்டாரு. எனக்குத்தான் உறக்கம் வராது. பவுடரு டப்பாவ எடுங்க."

அவ்வளவுதான் அவள் பதில். முதுகைக் காட்டி உட்காருவாள். அவர் பவுடர் போட்டுவிடுவார்.

போன வருஷம் அந்தக் கட்டளையே மாறியது. வெக்கை மிகுந்த தேசங்களுக்குக் கையில்லாத உள்ளுடை வரும் என்று சபையிலிருந்து செய்தி. பெங்களூரிலிருந்து அவளுடைய சபைத் தோழி லிஜி பார்சல் அனுப்பினாள். மூன்று ஜோடி. அன்றைக்கே ஒன்றை உடுத்திக்கொண்டு வந்து மின்விசிறிக்குக் கீழே நின்றாள் ஜெபகுமாரி.

"இஞ்சேருங்க, பதினெட்டு வருஷத்துக்குப் பொறவு கக்கத்துல காத்து போகு!"

அவள் சிரித்த சிரிப்பில் ஜான்ரோசுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"அப்போ இத்தனை காலம் வெந்தது சும்மாவா? இத அண்ணைக்கே சொல்லப்பிடாதா ஒனக்க சபைக்காரனுக்கு?"

"சும்மாவா? அண்ணைக்குக் கேட்டது அது, குடுத்தேன். இண்ணைக்குக் கேக்கது இது. குடுக்கது நான்தானே. நீங்க எதுக்குக் கெடந்து சாடுதிய?"

பக்கத்து வீட்டிலிருந்த அவர் அக்கா சத்தியபாயும் விடவில்லை. "நம்ம வம்சத்துப் பெண்ணுங்க அந்தக் காலத்துல தோள்சீலை போட்டு மூடதுக்கு அடியும் ஒதையும் வாங்குனவளுக. ஒனக்க சபையில இப்பம் தொறந்து போடச் சொல்லுகானுவளோ?"

"அவியள மூடாதேன்னு தடுத்தது ஊரானாக்கும் மைனி. என்னைய யாரும் தடுக்கவுமில்ல, கட்டாயப்படுத்தவுமில்ல. நானா உடுத்தேன். பின்ன, மேல சேலை இருக்குல்லா? ஒங்க கண்ணுக்கு எங்க தெரிஞ்சுது?"

சத்தியபாய் மரச்சீனிக் கிழங்கை அரியத் தொடங்கினாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஜெபகுமாரிக்கு மார்பில் கட்டி என்றார்கள். அறுவைக்குப் பிறகும் தேறவில்லை. கடைசி மாதம் இடக்கை வீங்கிக் கனத்தது. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒருநாள் அவரிடம் சொன்னாள்: "அலமாரியில வெள்ளைப் பை ஒண்ணு வச்சிருக்கேன். ஆலயத்து உடுப்பு எல்லாம் அதுல இருக்கு. அதையாக்கும் எனக்கு உடுத்தணும். லிஜி வந்து சேர முடியல்லன்னா மைனிய உடுத்த விடுங்க. நீங்க கூட நில்லுங்க. சரியா உடுத்தி விடுவியளா?"

"விடுவேன்" என்றார். அவள் அவரிடம் கேட்ட கடைசிக் காரியம் அது.

ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்தது. அடக்கம் மூன்று மணிக்கு. லிஜியின் ரயில் வந்து சேர மாலையாகும். முன்னறையில் பாடகர் குழு பாட, ஜான்ரோஸ் அக்காவை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வெள்ளைப் பையைத் திறந்தார். தொளதொளவென்று நீளக் கை வைத்த வெள்ளை அங்கி. அதனடியில் பிரிக்காத உறையில் கையில்லாத உள்ளுடை. உறையில் அளவைப் பார்த்தார். அவளுடையதை விட இரண்டு அளவு பெரிது. "லிஜிக்கு அளவு தெரியாது போல" என்றார் அக்காவிடம். அதுவுமில்லாமல், பதினெட்டு வருஷம் வியர்வையில் நின்றவளைச் சலுகை உடுப்பிலா அனுப்புவது? அலமாரியின் அடித்தட்டில் மடித்திருந்த, கை வைத்த பழையதை எடுத்தார். அதுதான் அவளுக்கு மரியாதை என்று அவருக்குப் பட்டது.

சத்தியபாய் வலக்கையை நுழைத்துவிட்டாள். இடக்கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. மறுபடி இழுத்தார்கள். துணி இறுகியதே தவிர நகரவில்லை.

"கத்திரிய எடு. முதுகுல கீறிப் போடலாம். செத்தவளுக்கு எல்லாம் அப்படித்தானலே செய்வினும்."

"வேண்டாம்க்கா! அதக் கீறப்பிடாது."

"ஏலே, மூணு மணிக்கு எடுக்கணும். பின்ன எப்பிடிப் போடுவே?"

கத்திரி துணியருகே வந்துவிட்டது. ஜான்ரோஸ் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சரியா உடுத்தி விடுவியளா என்று கேட்டபோது மடியில் கிடந்த அந்தக் கையை இப்போது பார்த்தார். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரைக் கடைசியாகத் துடைத்து உடுத்தி அனுப்பியவள் அவள். வீங்கிய கை எந்தத் துணியில் நுழையும், எதில் நுழையாது என்று அவளுக்கா தெரியாது?

பழையதை மெல்லக் கழற்றினார். உறையைப் பிரித்தார். கையில்லாத புது உடுப்பு எந்தத் தடையுமில்லாமல் அவள் தோளில் இறங்கி உட்கார்ந்தது. அதன் மேல் வெள்ளை அங்கி.

சத்தியபாய் கத்திரியைக் கீழே வைத்தாள். "லிஜிக்கு அளவு தெரியாதுண்ணு சொன்னே?"

"இவளுக்குத் தெரிஞ்சிருக்கு. பெரிசு கேட்டு வரவழைச்சிருக்கா."

"சாகப்போறவ கையையும் அளந்துல்லா வச்சிருக்கா!" என்றவள், அங்கியின் கையை இழுத்துச் சரிசெய்து, ஜெபகுமாரியின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள்.

மூன்றாம் நாள், ஆஸ்பத்திரிக் கவரிலிருந்த, கடைசியாக அவள் உடுத்தியிருந்த ஜோடியை ஜான்ரோஸ் துவைத்தார். பின்னறைக் கொடியில் விரித்து, மேலே அவளுடைய நீலச் சேலையைப் போட்டார்.

"வெளிய நல்ல வெயிலு கெடக்குல்லா?" என்றாள், சோறு கொண்டுவந்த சத்தியபாய்.

"கெடக்கட்டும்க்கா" என்றார். சேலை ஓரிடத்தில் விலகியிருந்தது. சோற்றுப் பாத்திரத்தை வைத்துவிட்டு, சத்தியபாயே போய் இழுத்து மூடினாள்.