சுவரில் ஊர்ந்த கை

பத்துமலையின் இருநூற்று எழுபத்திரண்டு படிகள் மீதும் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

கிள்ளானில் என் வீடும் சீதாலெட்சுமியின் வீடும் ஒட்டினாற்போல் இருப்பவை. நான் காரைப் பின்பக்கமாக விட்டு நிறுத்துவேன். காலையில் கிளப்பியதும் புகைக்குழாய் முன்சுவரில் கரியைத் துப்பும். முதல் வாரம் அது வெறும் கறை. இரண்டாம் வாரம் மணிக்கட்டு. அப்புறம் ஐந்து விரல்கள். நாளுக்கு ஓர் அங்குலமாக அந்தக் கை சீதாலெட்சுமியின் சன்னலை நோக்கி நகர்ந்தது. அவளுக்கு ஆஸ்துமா. கை நெருங்க நெருங்க மூச்சு சுருங்கியது.

"அண்ணே, இன்னும் மூணு இஞ்சுதான் இருக்கு. என்னையக் கொண்டுபோறதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க லா."

"நேத்துதானே சுவத்துக்குச் சாயம் அடிச்சேன்?"

"அடிச்சீங்க. அதுக்கு மேல வந்து ஒக்காந்திருக்கு."

வீட்டில் கிளப்பினால் இன்னோர் அங்குலம் போய்விடும். தெருமுனைவரை காரைத் தள்ளிக்கொண்டுபோய், அங்கே கிளப்பி, பிரிக்பீல்ட்ஸ் மெக்கானிக் பக்கிரிசாமியிடம் போனேன். கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். அவன் அசரவில்லை.

"டைரக்ட் இன்ஜெக்‌ஷன், அங்கிள். பெட்ரோல நேரா சிலிண்டருக்குள்ள பீச்சுது. காலைல பிஸ்டன் சில்லுன்னு இருக்கும். அதுல பட்டது ஆவியாகாம, ஈரமாவே எரிஞ்சு கரியாவுது. கண்ணுக்குத் தெரியாத தூளுதான் நுரையீரல் வரைக்கும் போவும்."

"அந்தக் கை?"

"கைதானே? போன மாசம் காஜாங்லேருந்து ரிப்பேருக்கு வந்த காடி ஒண்ணுல முழு ஆளே வந்தான்."

இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தான். பெட்ரோல் கொஞ்சங் கொஞ்சமாகப் பீச்சும்படி கணினியில் மாற்றினான். புகைக்குழாயில் வடிகட்டி ஒன்றைப் பொருத்தினான்.

"கரி இதுல மாட்டிக்கும். ஹைவேல நல்லா சூடேற ஓட்டி, பெடல்லேருந்து கால எடுங்க. காத்து உள்ள போயி கரி எரிஞ்சிரும். பின்னால சத்தம் கேட்டா மட்டும் திரும்பாதீங்க."

ஹைவேயில் பத்து தீகாவைத் தாண்டியதும் பெடலிலிருந்து காலை எடுத்தேன். காரின் அடியில் யாரோ மூன்று முறை இருமினார்கள். முடி கருகும் வாடை. பிறகு பின் இருக்கையிலிருந்து, களைத்த குரலில்:

"எறங்கிக்கிறேன், அங்கிள்."

நான் திரும்பவில்லை. பின்கதவு திறந்து மூடியது. வண்டி எண்பதில் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலை புகைக்குழாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு, சீதாலெட்சுமியிடம் காரைக் கிளப்பச் சொன்னேன். வெள்ளையாகவே இருந்தது. அவள் இறங்கி வந்து ஈரத்துணியால் சுவரைத் துடைத்தாள். கை விரல் விரலாகக் கரைந்து வழிந்தது. சன்னலை அகலத் திறந்து, பல நாளைக்குப் பிறகு முழு மூச்சு ஒன்றை இழுத்துவிட்டாள்.

என் கார் மின்சாரத்தில் ஓடுவது. அதற்குப் புகைக்குழாயே கிடையாது.