மயக்கத்தில் பிறந்தவள்

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு 'பிரேக் அக்கா' என்று பெயர். கற்றுக்கொள்ள வந்தவர் வண்டியை லாரிக்கு நேராக விட்டாலும், பக்கத்து இருக்கையிலிருந்து தன் காலடியில் இருக்கும் பிரேக்கை மெல்ல அழுத்திவிட்டு, "சரி, மறுபடியும் எடுங்க" என்பாள். அப்படிப்பட்டவள், பிள்ளை பெற்று வீடு வந்தபின், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தாலும் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிரசவ வலியின் பாதியில் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கிவிட்டது. முழு மயக்கம் கொடுத்து அவசர அவசரமாக வயிற்றைத் திறந்தார்கள். அவள் கண் விழித்தபோது, அவளைத் தவிர எல்லோரும் குழந்தையைப் பார்த்து முடித்திருந்தார்கள். நாத்தனார் ஃபோனில் படம் அனுப்பி உறவுக்காரர்களில் பாதிப் பேர்கூடப் பார்த்தாயிற்று. கடைசியில் ஒரு துணிப் பொதியை அவள் பக்கத்தில் வைத்து, "உன் பொண்ணு" என்றார்கள். சொன்னால் நம்ப வேண்டியதுதான்.

"ஒரு கத்து கத்தாம பெத்துட்ட அண்ணி. கொடுத்து வெச்சவ நீ" என்றாள் நாத்தனார். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னாள். இருமினால் வயிறு பிய்ந்துவிடுவதுபோல் இருந்ததை இவள் சொல்லவில்லை. பாலூட்டினாள், குளிப்பாட்டினாள், துணி மாற்றினாள். எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் செய்வதுபோல் பத்திரமாகச் செய்தாள். அசதி மட்டும் போகவில்லை. தூங்கி எழுந்தாலும் அடித்துப்போட்டதுபோல் இருந்தது. பிள்ளை முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், 'இது யாரோட குழந்தை?' என்று ஒரு கேள்வி அரித்தது.

கல்யாணத்துக்கு முன்பு ஒருமுறை மனச்சோர்வு வந்து, அதிலிருந்து மாத்திரை சாப்பிட்டு வந்தவள்தான். கர்ப்பம் என்றதும் யாரையும் கேட்காமல் நிறுத்தியிருந்தாள்.

தையலைக் காட்டும் நாள் வந்தது. டாக்டரம்மா வயிற்றைப் பார்த்தார். "நல்லா ஆறிடுச்சு. வேற ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்ல மேடம்."

புருஷன் மருந்து வாங்கப் போனான். அவள் குழந்தையைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்து, "கொஞ்சம் பாத்துக்கறீங்களா?" என்றாள். வாசலைத் தாண்டினாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் போனாள். பஸ் வந்தது, போனது. ஏறக்கூடத் தெம்பில்லை.

பிளம்பர் வேலையில் ஓடி ஓடிப் பழகிய புருஷனே, பெஞ்சுப் பெண்ணிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். திட்டவில்லை.

"இது நம்ம குழந்த இல்லையோன்னு தோணுதுங்க" என்றாள்.

அவன் பிள்ளையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "எப்பலேருந்து?"

"ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சதுலேருந்தே."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா பைத்தியம்னு சொல்லுவீங்க."

"சொல்ல மாட்டேன். எந்திரி, உள்ள போலாம்."

டாக்டரம்மாவிடம் அவனே பேசினான். "வயித்தப் பாத்தீங்க மேடம். மனசையும் யாராச்சும் பாக்கணும்." அன்றைக்கே மாடியில் இருந்த மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் நரைத்த தாடிக்காரர். வேலை செய்து களைத்த முகம். சுற்றி வளைக்காமல், "உங்களையோ குழந்தையையோ ஏதாவது பண்ணிடலாம்னு தோணுதா?" என்று கேட்டார்.

"இல்ல சார். எங்கயாச்சும் போய்ப் படுத்துத் தூங்கணும், அவ்ளோதான்."

பழைய மாத்திரை, 'யாரோட குழந்தை' என்ற கேள்வி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "முன்னாடியே மனச்சோர்வு இருந்திருக்கு. மாத்திரைய வேற நிறுத்திட்டீங்க. அதுக்கு மேல அவசர ஆபரேஷன். மறுபடியும் வந்ததுல ஆச்சரியமில்ல. நீங்க கெட்ட அம்மாங்கிறதால வரல." பாலூட்டும்போது சாப்பிடக்கூடிய மாத்திரை கொடுத்தார். அடிக்கடி வரச் சொன்னார். அவள் தூங்கும் நேரத்தில் குழந்தையை வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அந்த வேலையை நாத்தனார், கேட்பதற்கு முன்பே எடுத்துக்கொண்டாள்.

அடுத்தமுறை போனபோது, ஆபரேஷன் அறையில் இருந்த நர்ஸை டாக்டர் வரவழைத்திருந்தார். நர்ஸ் பூசி மெழுகவில்லை. "உங்க முகம் எனக்கு ஞாபகமில்லம்மா. ஆனா அன்னைக்கு அந்த ரூம்ல வேற குழந்த கிடையாது. வெளிய எடுத்ததும் உங்க பேர் எழுதின பட்டைய குழந்த கையில கட்டிட்டுத்தான் அந்த இடத்தவிட்டுக் கொண்டுபோவோம். உடனே அழுதிருக்காது. தட்டிக்கொடுத்து அழ வெச்சிருப்போம். அப்பவும் நீங்க தூங்கிட்டுத்தான் இருந்திருப்பீங்க."

யாரும் அதுவரை அவளுக்கு அந்தக் கதையைச் சொன்னதில்லை. இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். நர்ஸும் சொன்னாள்.

அதனால் ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்தக் கேள்வி வருவது குறைந்தது. பிறகு அரித்தாலும் வலிக்கவில்லை. சில நாள் எழுந்தாள், சில நாள் படுத்தே கிடந்தாள்.

தடுப்பூசி போடும் நாளில் பிள்ளை வீல் என்று கத்தியது. "கொஞ்சம் மெதுவா குத்தக்கூடாதா? சின்ன உடம்புங்க அது" என்று ஊசி போட்டவரிடம் அவள் எகிறினாள். புருஷன் திகைத்துப்போய் மன்னிப்புக் கேட்டான். வழியெல்லாம் அவள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். வீட்டில் பிள்ளையின் வீங்கிய தொடையில் ஈரத்துணி வைத்துவிட்டு, அப்படியே அதன் பக்கத்தில் சாய்ந்து தூங்கிப்போனாள்.