இருமலுக்கு ஆதாரம் இல்லை

அழைப்பு மணி விடாமல் அடித்தது. நூலகர் கதவைத் திறந்தபோது வாசலில் ஆள் உயர மலர்வளையம் நின்றது. அதற்குப் பின்னாலிருந்து கால்பந்து கிளப் செயலாளரின் வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது.

“எத்தனை மணிக்கும்மா எடுக்கறீங்க?”

உள்ளறையில் அப்பா இருமினார்.

“இப்ப இருமறது யாருன்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டாள்.

செயலாளருக்கு முகம் வெளிறிவிட்டது. இணையத்தில் பார்த்ததாகச் சொன்னார். எல்லாரும் சேர்ந்து எழுதும் கலைக்களஞ்சியம் ஒன்றில் அப்பாவைப் பற்றி ஒரு சின்னப் பக்கம் உண்டு. முன்னாள் நடுவர், இறுதிப் போட்டியில் சொந்த மகனுக்கே சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றியவர். அந்தப் பக்கத்தில் நேற்றைய தேதி போட்டு ‘காலமானார்’ என்று ஒரு வரி முளைத்திருந்தது. தேடுபொறியில் அப்பா பெயரை அடித்தாலும் அதுவே முதலில் வந்து நின்றது.

அப்பா தேறமாட்டார் என்று டாக்டர் கைவிரித்துவிட்டது உண்மைதான். அதற்காக, மூச்சிருக்கும்போதே ஒரு மனிதரைச் சாகடித்துவிடலாமா? அதுவும், இணையத்தில் தேடுவது எப்படி என்று ஊருக்கே வகுப்பெடுப்பவளின் அப்பாவை? அவர் கண்மூடுவதற்குள் அந்தப் பொய்யை எடுத்துவிடுவது என்று உட்கார்ந்தாள்.

வரியை அழித்தாள். டீ ஆறுவதற்குள் அது திரும்பி வந்தது. கீழே ஒரு மேற்பார்வையாளரின் குறிப்பு: ‘கிளப்பின் இணையதளத்தில் இரங்கல் செய்தி உள்ளது. ஆதாரமின்றி நீக்க வேண்டாம்.’

செயலாளரைப் பிடித்துக் கேட்டாள்.

“நாங்கதான்மா போட்டோம். அந்தப் பக்கத்தைப் பாத்துட்டுத்தான் போட்டோம்.”

குருடனுக்குக் குருடன் வழிகாட்டிய கதை. அதையாவது எடுங்கள் என்றால், பாஸ்வேர்டு தெரிந்தவர் லீவில் இருக்கிறாராம்.

நான் அவருடைய மகள், அவர் அடுத்த அறையில் இருமிக்கொண்டிருக்கிறார் என்று மேற்பார்வையாளருக்கு எழுதினாள். ‘சொந்தத் தகவல் ஆதாரமாகாது’ என்று பதில் வந்தது.

வகுப்பில் அவளே வாய் வலிக்கச் சொல்கிற வாக்கியம். சில மாதங்களுக்கு முன்னால் அந்தச் சிவப்பு அட்டையைப் பற்றி, ‘அது சரியான முடிவு’ என்று பெயர் சொல்லாத எவனோ அதே பக்கத்தில் எழுதியபோது, இதே வாக்கியத்தைச் சொல்லித்தான் அழித்தாள். அவன் மறுபடி போட்டான். அழித்தாள். போட்டான். வேலையற்றவன் என்று விட்டுவிட்டாள்.

அப்பா டேப்லெட்டை நெஞ்சின் மேல் வைத்து ஏதோ பழைய ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னாள்.

“நல்லவன்னு போட்டிருக்கானா?” என்று மட்டும் கேட்டார்.

இன்றைய செய்தித்தாளைக் கையில் கொடுத்து ஒரு படம் எடுக்கலாம் என்றாள். ஷேவ் பண்ணவில்லை என்று மறுத்துவிட்டார்.

மத்தியானம் மறுபடி மணி அடித்தது. இன்னொரு மலர்வளையமா என்று சீறிக்கொண்டு போய்த் திறந்தாள். கசங்கிய சட்டையோடு அண்ணன் நின்றான். அந்தச் சிவப்பு அட்டையோடு வீட்டை விட்டுப் போனவன். அப்பா படுத்த நாளிலிருந்து அவள் எத்தனை முறை அழைத்தும் போனை எடுக்காதவன்.

“எப்ப…” என்று ஆரம்பித்தான். உள்ளே இருமல் கேட்டது. பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினான்.

அம்மா அவர்களை விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள். உள்ளே என்ன பேசினார்களோ, ஒரு தடவை சிரிப்புச் சத்தம் கேட்டது. பொழுது சாயும் நேரத்தில் அண்ணன் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றான். வீட்டில் இருமல் சத்தம் இல்லை.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். நூலகருக்கு அழுகை வரவில்லை. மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்தாள். இப்போது தேதி ஒன்றுதான் தப்பு. திருத்தினாள். ‘ஆதாரம் தேவை’ என்று பழைய தேதியே திரும்பி வந்தது. லேப்டாப்பை அறைந்து மூடிவிட்டு எழுந்தாள்.

சமையலறையில் அம்மா, அப்பாவின் மாத்திரைகளை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“உயிரோட இருந்த மனுஷனைச் செத்துட்டாருன்னு எழுதின பாவி யாருன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்மா.”

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

“உங்கப்பாவைப் பாவின்னு சொல்லாதே. போன் பண்ணா நம்ம பையன் எடுக்கமாட்டான், அந்தப் பக்கத்தை மட்டும் தினம் பாப்பான், இவ அழிக்க அழிக்கச் சரியான முடிவுன்னு போடறவன் வேற எவனா இருப்பான்னு சொல்லிட்டுத்தான் எழுதினாரு.”