சர்க்கஸ்காரர்களின் அறுபதாம் கல்யாணம்

என் அண்ணி தாட்சாயிணிக்கு மசக்கை வந்தபோது மாங்காய் கேட்கவில்லை, சாம்பல் கேட்கவில்லை. சர்க்கஸ் படம் கேட்டாள்.

அம்பத்தூர்க் கூடாரக் கொட்டகையில் அப்போது ஓர் இங்கிலீஷ் படம் ஓடிக்கொண்டிருந்தது. யுத்தத்துக்காக ஆவடியில் வந்திறங்கிய சோல்ஜர்களை நம்பிக் கொண்டுவந்த படம். சோல்ஜர்கள் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த எங்கள் மேனாம்பேட்டு ஆண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் போனார்கள். உயரத்தில் ஊஞ்சலில் தொங்கி ஆடும் ஒருத்தி, அவளைத் தாவிப் பிடிக்கும் ஒருவன், இருவருக்கும் காதல். அண்ணி கிணற்றுக்குப் போகும் வழியில் அந்தப் படத்தின் போஸ்டரை ஒட்டித் தொலைத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டில் தீர்ப்புச் சொல்பவர் பெரியப்பா உலகநாதன். “குடும்பத்தோட பாக்கற படமான்னு நான் பாத்துட்டுச் சொல்றேன்” என்றார். வெள்ளைக்காரர் பழக்கவழக்கம் தெரிந்தவர் என்று மாதா கோயில் உபதேசியார் அந்தோணிராஜைக் கூட்டிக்கொண்டார். இருவரும் பார்த்தார்கள். மறுநாளும் பார்த்தார்கள். அதற்கு மறுநாளும் பார்த்தார்கள். தீர்ப்பு மட்டும் வரவில்லை.

“ஆராய வேண்டிய எடம் நெறைய கீது” என்றார் பெரியப்பா.

“எந்த எடம்?” என்று கேட்டாள் பெரியம்மா வேம்புலியம்மாள்.

“அந்தப் பொண்ணு தொங்கற எடம்.”

பெரியம்மா சொம்பை ணங்கென்று வைத்தாள்.

படம் சனிக்கிழமையோடு ஊரைவிட்டுப் போகிறது. மசக்கைக்காரி கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியுமாம். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அண்ணி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து வாயைத் திறந்து கேட்டது இது ஒன்றுதான். எனக்கு அது போதும்.

“பேச்சு ஒண்ணும் புரியல” என்று கடைசியில் பெரியப்பா ஒத்துக்கொண்டார். “நாகு, நீ பி.ஏ. படிச்சிகீறயே, வந்து அர்த்தம் சொல்லு.”

நான் காலேஜுக்குக் கிளம்பியபோது ‘பொட்டப் புள்ளைக்கு இங்கிலீஷ் எதுக்கு’ என்று தெருவையே கூட்டிக் கத்தியவர் இதே மனுஷர். எதற்கு என்று இப்போது தெரிந்துவிட்டது. தொங்குகிறவளுக்கு அர்த்தம் சொல்ல.

கொட்டகையில் பெண்கள் பக்கத்தை ஓர் இடுப்பளவு மண்சுவர் பிரித்தது. அந்தப் பக்கத்து மணல் முழுக்க நான் ஒருத்தி. சுவருக்கு அப்பால் பெரியப்பா, உபதேசியார், அவர்களுக்குப் பின்னால் பாதி ஊர்.

படத்தில் அவன் அவள் கையைப் பிடித்து உருகினான்.

“இன்னா சொல்றான்?”

“கை வலிக்குதான்னு கேக்கறான்.”

அடுத்து முத்தம் கொடுத்தான். கொட்டகையில் பீடிப் புகைகூட அசையவில்லை.

“அவன் யாரு அவளுக்கு?” பெரியப்பாவின் குரல் கடுமையாக இருந்தது.

“புருஷன்” என்றேன். யோசிக்கவே இல்லை.

“தாலியக் காணோமே?”

“ஊஞ்சல்ல மாட்டிக்கும்னு கழட்டி வெச்சிருக்கா.”

“அதானே பாத்தேன். சாக்கிரதையான பொண்ணு.”

அதற்கப்புறம் அவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டபோதெல்லாம் பெரியப்பா ஆசீர்வாதம் பண்ணாத குறைதான். கடைசி ரீல் வந்தது. மாதா கோயில் மணி, வெள்ளை அங்கி, பூச்செண்டு. உபதேசியார் துள்ளி எழுந்தார்.

“அண்ணாத்தே, இது கண்ணாலம்! சாமியார் நிக்கிறாரு, மோதிரம் மாத்தறாங்க! இப்பதான் கட்டிக்கிறாங்கன்னா இத்தினி நேரம் பண்ணினதெல்லாம் இன்னா?”

பெரியப்பா சுவருக்கு மேலே தலையை நீட்டினார். “இன்னாடி நாகு?”

போஸ்டர் முன்னால் குடத்தோடு நிற்கும் அண்ணிதான் என் கண்முன் வந்தாள்.

“அறுபதாம் கல்யாணம், பெரியப்பா.”

போன தை மாதம்தான் பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. மாலை வாடிவிட்டதே தவிர மாப்பிள்ளை நடை இன்னும் போகவில்லை.

“அந்தப் பையனுக்கு மீசையே மொளைக்கல!” என்றார் உபதேசியார். “எங்க கோயில்ல இப்டி நான் பாத்ததேயில்ல.”

“நீங்க பாத்தது அம்பத்தூர்க் கோயில். இது அமெரிக்கா. உயிரைக் கையில பிடிச்சுகிட்டுத் தொங்கறவங்க அறுபது வரைக்கும் காத்திருப்பாங்களா? முன்னாடியே செஞ்சுக்குவாங்க.”

பெரியப்பா திரையையே பார்த்தார். துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். “நாள் தெரியாத பொழப்பு. பாவம், செஞ்சுக்கட்டும்” என்றார். “ஊட்டுப் பொம்பளைங்க எல்லாம் பாக்க வேண்டிய படம்.”

சனிக்கிழமை பெண்கள் பக்கத்தில் கால் வைக்க இடமில்லை. நான் அண்ணியின் காதில், “கை வலிக்குதான்னு…” என்று ஆரம்பித்தேன். அவள் என் வாயைப் பொத்தினாள். “சும்மாரு நாகு. அவன் மூஞ்சியே சொல்லுது.” ஊஞ்சலை விட்டு அந்தப் பெண் காற்றில் பறந்தபோது அண்ணியின் கால்கள் இரண்டும் மணலுக்குள் புதைந்துவிட்டன.

கல்யாணக் காட்சி வந்தது. பெரியப்பா எழுந்து நின்று பெண்கள் பக்கத்துக்கு முழங்கினார். “இது அறுபதாங் கண்ணாலம்! நல்லாப் பாத்துக்கங்க!”

பெரியம்மா விடவில்லை. “எந்த ஊர்லய்யா அறுபதாங் கண்ணாலத்துல பொண்ணு இப்டி வெக்கப்படுது? தை மாசம் நான் பட்டனா?”

சிரித்த சிரிப்பில் கூடாரத் துணி ஆடியது. சுவருக்கு மேலே தெரிந்த பெரியப்பாவின் தலை மெல்ல இறங்கி மறைந்தது. இனிமேல் தீர்ப்பை மாற்றி என்ன பயன்? படம் முடிந்துவிட்டது.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள்.

“அடுத்து இன்னா படம் நாகு?”

“தெரியல அண்ணி. ஏன்?”

“மசக்கை இன்னும் கீதே.”