தகட்டுப் பெட்டியும் வைஃபை கார்டும்

இரும்பைப் பற்றி ஆறுமுகநயினாருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. அதுவே அவருக்கு வினையாகிப்போனது.

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் அவருக்குத் தகடு வியாபாரம். வீடு திருவொற்றியூரில், கடலுக்குப் பக்கம். உப்புக் காற்றும் எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் சேர்ந்து அந்த வீட்டில் எதையும் விட்டுவைப்பதில்லை. ஜன்னல் கம்பி, பூட்டு, ஃபிரிட்ஜின் கால் எல்லாம் துரு. அதனால் மகள் ராமசெல்விக்குக் கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு, அதன் சிபியுவுக்குத் தானே அளவெடுத்து ஒரு தகட்டுப் பெட்டி அடித்துக் கொண்டுவந்தார். கனத்த தகடு, பூட்டுப் போட்ட கதவு, பின்பக்கம் காற்றுக்கும் வயருக்கும் சின்னச் சின்னத் துளைகள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பெட்டியைத் தட்டித் தட்டிக் காட்டுவார். உள்ளே இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

ராமசெல்வி ஆடிட்டர் பரீட்சைக்கு வீட்டிலிருந்தே படிக்கிறாள். செல்போனில் பாடம் பார்த்து அவளுக்குக் கண் எரிந்தது. கம்ப்யூட்டரில் பார்க்கலாமென்றால் அதற்கு வைஃபை கார்டு இல்லை. சிபியுவைத் தூக்கிக்கொண்டு டோல்கேட் கடைத்தெருவுக்குப் போனார் ஆறுமுகநயினார். அங்கே ரூஹி என்ற பெண் தனியாளாகக் கம்ப்யூட்டர் கடை நடத்துகிறாள்.

"வெலை ரொம்பப் போகாம, நல்லதா ஒண்ணு குடும்மா" என்றார்.

"ரவுட்டர் எங்க கீது, அண்ணாச்சி?"

"அதே ரூம்லதான்."

"அப்பால இன்னாத்துக்கு நாலு ஏரியல் வெச்சது? துட்டு தண்டம். இந்த ரெண்டு ஏரியல் கார்டு உங்க வூட்டுக்குத் தாராளம்." கார்டைச் செருகிக்கொண்டே கேட்டாள்: "கம்ப்யூட்டர எப்டி வெச்சிருக்கீங்க?"

"அதெல்லாம் பத்திரமா வச்சிருக்கேன்" என்றார், மீசையைத் தடவிக்கொண்டு.

கடையில் பாடம் வெண்ணெயாக ஓடியது. வீட்டுக்கு வந்து, பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதும் படுத்துக்கொண்டது. திரும்பத் தூக்கிக்கொண்டு போனார். கடையில் ஓடியது. ரூஹி எதற்கும் இருக்கட்டுமென்று வேறு புதுக் கார்டே மாற்றிக் கொடுத்தாள். வீட்டில் மறுபடியும் படுத்தது.

"நான் ஒரு தபா வூட்டுக்கு வந்து பாக்கறேனே, அண்ணாச்சி" என்றாள் அவள்.

"எங்க வீட்டுல ஒரு கொறையும் கெடையாது" என்றார் வெடுக்கென்று. கம்ப்யூட்டர் நல்லது, வீடு நல்லது, அவர் நல்லவர். மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான்.

சாத்தாங்காட்டில் பெரிய பாவம் ஒன்று உண்டு. சாம்பிள் ஒன்று காட்டி, சரக்கு வேறு இறக்குவது. அப்படிச் செய்தவனை அவன் கடை வாசலிலேயே நின்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிடுவார்கள். அப்புறம் அவனிடம் யாரும் சரக்கு எடுக்கமாட்டார்கள். ஆறுமுகநயினார் ரூஹியின் வாசலில் நின்று அதைத்தான் செய்தார். கட்டிங் மிஷின் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பழகிய தொண்டை அவருடையது.

"கேட்டுக்கிடுங்க எல்லாரும்! கடைக்குள்ள ஓடும், வீட்டுல ஓடாது. சாம்பிள் காட்டி ஏமாத்துத கடை இது. யாரும் ஏறாதீங்க!"

பக்கத்து டீக்கடையில் கிளாஸோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரூஹி கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மேசையில் வைத்துவிட்டு உள்ளே திரும்பிக்கொண்டாள். அன்று வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டார் மனுஷன்.

போகிக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். பெட்டியை நகர்த்த வேண்டும் என்று ராமசெல்வி சிபியுவை வெளியே எடுத்து வெறுந்தரையில் வைத்தாள். சும்மா போட்டுப் பார்த்தாள். பாடம் நிற்காமல் ஓடியது.

"எப்பா, இங்க வாங்களேன்."

வந்து பார்த்தார். சிபியுவைத் தானே தூக்கிப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். நின்றது. வெளியே எடுத்தார். ஓடியது. மறுபடி உள்ளே வைத்தார், மறுபடி வெளியே எடுத்தார். இந்தத் தடவையாவது வெளியேயும் ஓடாமல் நின்றுவிடாதா என்று உள்ளூர ஆசைப்பட்டார். அந்த ஆசையை நினைத்தபோதுதான் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. மழையும் வெயிலும் நுழையாத தகட்டுக்குள் சிக்னல் மட்டும் எப்படி நுழையும்? வாழ்நாளெல்லாம் தகடு விற்றவனுக்கு இது தோன்றவில்லையே!

"எப்பா, அந்த அக்கா..." என்று ஆரம்பித்த ராமசெல்வி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

பொங்கல் அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. டோல்கேட் வழியாகப் போக வேண்டிய வேலைக்கெல்லாம் சுற்றுவழியில் போனார். டோல்கேட் சிக்னலில் ஒருநாள் வேறு வழியில்லாமல் நிற்க நேர்ந்தது. ரூஹியின் கடையில் ஒரு ஈ காக்கை இல்லை. அவள் வெறும் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிக்கொண்டது அவருக்கே அசிங்கமாக இருந்தது.

மறுநாள் மகளையும் கூட்டிக்கொண்டு போனார். தனியாகப் போனால் பாதி வழியில் திரும்பிவிடுவோம் என்று அவருக்கே தெரியும்.

அவர் வாயெடுப்பதற்கு முன்னால் ரூஹி எழுந்துவிட்டாள். "வாங்க, அண்ணாச்சி. நானே உங்கள தேடிக்கினு இருந்தேன். நீங்க சொன்னது கரீட்டாதான் இருக்கும். வயசானவங்க, பொய்யா சொல்வீங்க? அந்தக் கார்டு சப்ளை பண்ற தவ்ஃபீக் பாய்கிட்ட சண்ட போட்டு, இனிமே என் கடப் பக்கம் வராதீங்கன்னு சொல்ட்டேன். இந்தாங்க, இது வேற கார்டு. துட்டு வாணாம்."

ஆறுமுகநயினாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் எதிர்த்துக் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவரை நம்பிவிட்டாளே!

"தாயி, கார்டுல ஒரு கொறையும் இல்ல" என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. "நான் இரும்புப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டியிருந்தேன். தப்பு என் பேர்ல."

ரூஹி நீட்டிய கார்டை மெதுவாகத் திரும்ப மேசையில் வைத்தாள். கண் கலங்கியது, ஆனால் குரல் கலங்கவில்லை.

"இத்த இம்மாம் மெதுவா சொல்றீங்களே, அண்ணாச்சி. அன்னிக்கு டோல்கேட் பூரா கேட்டுச்சே."

அவர் வாசலுக்கு வந்தார். அதே படி, அதே டீக்கடை. மகள் பின்னால் நிற்பது தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். அவரை அடையாளம் கண்டுகொண்ட டீக்கடைக்காரர், அங்கேயிருந்தே உரக்கக் கேட்டார்:

"இன்னா அண்ணாச்சி, மறுபடியும் ஏமாத்திட்டாளா?"

டீக்கடையில் எல்லாரும் திரும்பினார்கள்.

"இல்ல" என்றார். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை நின்று, சாத்தாங்காட்டுக் குரலில் சொன்னார்: "அவ ஏமாத்தல! நான் பொய் சொல்லிட்டேன்!"