பதினான்கு டேக்

பதினான்காவது டேக்குக்கும் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கொழுந்தன் உதட்டைப் பிதுக்கினான்.

"அண்ணி, மூணாவது வரியில அந்த ஒரு சுரம் மறுபடியும் மேல போகுது."

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இருபது வருடம் மேடையில் பாடிய தொண்டை இது. ஆனால் ஹெட்போனில் கேட்டால், பாழாய்ப்போன சுரம் மேலேதான் போயிருந்தது. "அண்ணிக்கு வயசாயிடுச்சு, சுருதி நிக்கல" என்று நேற்றே தன் அண்ணனிடம் வத்தி வைத்துவிட்டான்.

மூலையிலிருந்த கீபோர்டைத் தரதரவென்று மைக்குக்கு முன்னால் இழுத்து, அதே சுரத்தை அழுந்தக் குத்தினாள். ஹெட்போனில் அதுவும் அரைச்சுரம் மேலே ஒலித்தது.

"இதுக்கும் வயசாயிடுச்சா தம்பி?"

அவன் அலறியடித்துக் கணினித் திரையைத் துழாவினான். பாட்டு மைனர் ஸ்கேலில் அமைந்தது. சுருதியைத் திருத்தும் மென்பொருளிலோ அந்தச் சுரம் அரைச்சுரம் உயர்ந்து வரும் மேஜர் ஸ்கேலைப் போட்டு வைத்திருந்தான். அவள் சரியாகப் பாடிய சுரத்தை அதுதான் ஒவ்வொரு முறையும் மேலே தூக்கியிருக்கிறது.

"சாரி அண்ணி, மாத்திட்டேன். இன்னொரு டேக் போலாமா?"

"எதுக்கு? பதினாலும் சரியாத்தான் பாடியிருக்கேன், திருத்தாத பதிவுல ஒண்ணைப் பொறுக்கிக்க. இப்ப உங்கண்ணனுக்கு போன் போடு. ஸ்பீக்கர்ல போடு."