சீட்டுக் கம்பியில் ஒரு விரல் கிரீஸ்

உலகில் எழும் எந்தக் கிறீச் சத்தத்துக்கும் காரணம் மூன்றே மூன்றுதான்: அழுக்கு, சோம்பேறித்தனம், அடுத்தவர். இதைக் கண்டுபிடித்தவனுக்கு வயது இருபத்து மூன்று. வீட்டில் அவனை 'சயின்டிஸ்ட்' என்பார்கள். பெயர் வைத்தவள் அக்கா. அதை அவன் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குத் தொப்பை எட்டிப் பார்த்ததும், லிஃப்ட் மெக்கானிக்கான அக்கா வீட்டுக்காரர் தன் பழைய சைக்கிளைச் சுமந்துகொண்டு மாடியேறி வந்தார். கூடவே ஒரு ட்ரெய்னர்; சைக்கிளின் பின்சக்கர அச்சைப் பூட்டி, நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கிற இரும்புத் தாங்கி. எல்லாம் மாட்டி முடித்தபின் சீட்டுக் கம்பியை உருவி, கிரீஸ் தடவி, மறுபடி சொருகினார்.

"மாமா, நீங்க கிரீஸ் தடவாத ஒரே பொருள் உங்க டூத்பிரஷ்தான்."

கூட வந்திருந்த அக்கா சிரித்தாள். மாமாவும் சிரித்தார்.

அவர்கள் படியிறங்கியதும் சயின்டிஸ்ட் கம்பியை உருவினான். பழைய பனியனால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளவென்று ஆக்கிச் சொருகினான். அழுக்கு ஒழிந்தது.

நாலாம் நாள் சத்தம் வந்தது. மிதிக்கு ஒரு கிறீச்.

கீழ்வீட்டுக்காரர் மேலே வந்தார். "தம்பி, கதவுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடுங்க. தினம் காலையில நாப்பது நிமிஷம் யாரோ திறந்து திறந்து மூடுறாங்க."

பெடலைக் கழற்றி மாட்டினான். செயினைக் குளிப்பாட்டினான். ட்ரெய்னரின் காலடியில் போர்வையை மடித்துப் போட்டான். சத்தம் அசரவில்லை. அழுக்கு இல்லை, சோம்பேறித்தனம் இல்லை. மிச்சம் அடுத்தவர்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில், பெரியம்மா முதல் சித்தப்பா வரை பதினாறு பேர் பார்க்க எழுதினான்: "மாமா குடுத்த சைக்கிள்ல பிரேம் விரிசல். தெரிஞ்சே தலையில கட்டிட்டார்னு சொல்லல. தெரியாமன்னா இன்னும் மோசம். அவர் லிஃப்ட் பாக்குறவர்."

எட்டுப் பேர் சிரித்தார்கள். அக்கா ஃபோன் செய்தாள்.

"சாப்பிடாமக்கூட டார்ச்சை எடுத்துட்டுக் கிளம்பிட்டார்டா. நேத்துப் பார்த்த லிஃப்டையே மறுபடி பாக்கணுமாம். தன் கண்ணு மேலயே சந்தேகம் வந்துடுச்சு அவருக்கு."

சயின்டிஸ்ட் குழுவைத் திறந்து, எழுதியதை அழிக்கலாமா என்று பார்த்தான். ஆனால் கண்டுபிடிப்பு கண்டுபிடிப்புதானே!

ஞாயிற்றுக்கிழமை மாமா வருவதாக இருந்தது. அன்று அவர் வருமுன் ஆதாரத்துக்கு ஒரு வீடியோ எடுத்துவிடலாம் என்று ஃபோனோடு சைக்கிளில் ஏறினான். பிரேம் சரியாகத் தெரிய வேண்டுமே என்று எழுந்து நின்று மிதித்தான். சத்தமே இல்லை. உட்கார்ந்தான். கிறீச். நின்றான். நிசப்தம். உட்கார்ந்தான்.

இறங்கிச் சீட்டுக் கம்பியை உருவினான். முகம் பார்க்கத் துடைத்த கம்பி, வியர்வை இறங்கி, இரும்போடு இரும்பு உரசி, கோடு கோடாகக் கிடந்தது. விரிசல் எங்கேயும் இல்லை. காது மடல் இரண்டும் சுட்டன.

அழைப்புமணி அடித்தது. வாசலில் மாமா, தோளில் தன் புது சைக்கிளும் கையில் ஒரு பையுமாக.

"இதை நீ வச்சுக்கோப்பா. பழசைக் குடு. எப்படி என் கண்ணுக்குத் தப்பிச்சுதுன்னே தெரியல. நீ விழுந்து கிழுந்து வச்சிருந்தா உங்கக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"மாமா..." கையிலிருந்த கம்பியை நீட்டினான். "அன்னிக்கே துடைச்சிட்டேன். நீங்க போனதும்."

மாமா கம்பியின் மேல் ஒரு விரலை ஓட்டிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. புது சைக்கிளை மெல்லச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கிரீஸ் டப்பா பையில இருக்கு," என்றார். "டூத்பிரஷ் கொண்டு வரல."

அவன் முதலில் ஃபோனை எடுத்தான். நாலு முறை எழுதி நாலு முறை அழித்தான். கடைசியில், "விரிசல் இல்ல. மாமா தடவின கிரீஸை நான்தான் துடைச்சேன். மன்னிச்சிடுங்க மாமா" என்று பதினாறு பேருக்கும் அனுப்பிவிட்டு, டப்பாவுக்குள் விரலை விட்டான்.

மேசையில் ஃபோன் அதிரத் தொடங்கியது. அதிர்ந்துகொண்டே இருந்தது. அணைக்கலாமென்றால் கையெல்லாம் கிரீஸ். தலை நிமிராமல் கம்பியைத் திருப்பி, விட்டுப்போன இடத்தில் இன்னொரு விரல் தடவினான்.